மீதமிருந்த நான்கு சனிக்கிழமைகள்: சிறு கல்லூரி ஃபுட்பால் வீரர் ஒருவரின் தலைக்காயம், ஒரு நிகழ்வு ஆய்வு

எழுதுபவர் யார்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஏறத்தாழ 1,400 பேர் படிக்கும் ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். இங்கு வந்து ஆறு ஆண்டுகள் வரை, பந்து எந்தப் பக்கம் போனால் யாருக்குப் புள்ளி என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அப்படிப்பட்டவனைத்தான் கல்லூரி 'ஆசிரியர் தரப்பு விளையாட்டுப் பிரதிநிதி'யாக நியமித்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் உள்ள எல்லாக் கல்லூரியிலும் இப்படி ஒருவர் இருக்க வேண்டும். விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள ஆசிரியர் ஒருவர், விளையாடும் மாணவர்களின் படிப்பையும் நலனையும் கவனிப்பதற்கான ஏற்பாடு அது.

2019 இலையுதிர் பருவத்தில் எங்கள் ஃபுட்பால் அணியில் நடந்த ஒரு தலைக்காயத்தை இங்கே பதிவு செய்கிறேன். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, தவறான பங்கு. அந்த மாணவர் இந்த வரைவைப் படித்துச் சம்மதித்தார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

ஃபுட்பால் என்று இங்கே சொல்வது அமெரிக்க ஆட்டத்தை. முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஒருவர் ஓட, எதிரணி அவரைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்க்கும். தொலைக்காட்சியில் வரும் பெரிய பல்கலைக்கழக ஆட்டங்களில் லட்சம் பேர் அமரும் அரங்கங்களும் கோடிக்கணக்கான டாலரும் உண்டு. எங்களுடையது டிவிஷன் 3. என்.சி.ஏ.ஏ. 1973-இல் கல்லூரிகளை மூன்று பிரிவாகப் பிரித்தபோது உருவானது. இந்தப் பிரிவில் விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது. மாணவர்கள் கல்விக் கட்டணம் கட்டி, மாலையில் மூன்று மணி நேரம் பயிற்சி எடுத்து, சனிக்கிழமை ஆடுகிறார்கள். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால், கைக்காசு போட்டு ஆடுபவர்கள்.

அந்த ஆண்டு எங்கள் அணியில் 112 பேர். ஆண் மாணவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர். இவ்வளவு பேர் எதற்கு என்று கேட்டால் ஃபுட்பால் காரணம் பாதி, கணக்குப் புத்தகம் மீதி. சிறு தனியார் கல்லூரிகள் கட்டணத்தை நம்பிப் பிழைப்பவை. ஃபுட்பால் இல்லாவிட்டால் இங்கே சேர்ந்திருக்கவே மாட்டார்கள் என்று சொல்லக்கூடிய நூறு பேர், எங்கள் வரவு செலவில் ஒரு பெரிய வருமானம். தலைமைக் கோச்சுக்கு ஆண்டுதோறும் தரப்படும் இலக்கில் எத்தனை வெற்றி என்பது எழுதப்பட்டிருக்காது. எத்தனை புதிய மாணவர்கள், எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பினார்கள் என்பவை எழுதப்பட்டிருக்கும்.

இந்த 112 பேருக்கும் மற்ற பதினெட்டு விளையாட்டுகளுக்கும் சேர்த்து எங்களிடம் இருந்த அத்லெட்டிக் டிரெய்னர்கள் இருவர். அத்லெட்டிக் டிரெய்னர் என்றால் உடற்பயிற்சி சொல்லித்தருபவர் அல்ல, காயங்களைப் பார்த்து முதல் முடிவு எடுக்கும் உரிமம் பெற்றவர். ஆட முடியுமா முடியாதா என்பதில் அவரும் மருத்துவரும் சொல்வதே முடிவு. கோச் மறுக்க முடியாது.

விதிகளைப் பற்றிச் சிறிது. இந்த ஆட்டத்தில் இறப்பு புதிதல்ல. 1905-இல் சாவுகள் பெருகியபோது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதற்குப் பின் பிறந்த அமைப்புதான் இன்றைய என்.சி.ஏ.ஏ. ஹெல்மெட்டால் முட்டித் தாக்குவது 1976-இல் தடை செய்யப்பட்டது. தலையைக் குறிவைத்துத் தாக்கினால் 2013 முதல் ஆட்டத்தை விட்டே வெளியேற்றம். ஆட்டத்தைத் தொடங்க உதைத்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடும், ஆபத்து அதிகமான கிக்ஆஃப் ஓட்டங்களைக் குறைக்க 2012-இலும் 2018-இலும் விதி மாறியது. ஆகஸ்ட் பயிற்சியில் உடனே முழுக் கவசம் போட்டு மோதக் கூடாது. அந்த ஆண்டு விதிப்படி முதல் இரு நாள் ஹெல்மெட் மட்டும், அடுத்த இரு நாள் தோள் கவசத்தோடு, ஐந்தாம் நாள்தான் முழுக் கவசம். கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சிக்கு 2010 முதல் எல்லாக் கல்லூரியும் எழுத்தில் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். கன்கஷன் உறுதியானால் அன்றே திரும்ப ஆட அனுமதி இல்லை, மருத்துவர் ஒப்புதலின்றி ஒருபோதும் இல்லை. அறிகுறி இருந்தால் மறைக்காமல் சொல்வேன் என்று மாணவர்கள் ஆளுக்கொரு தாளில் கையெழுத்திட வேண்டும்.

2019 ஆகஸ்டில் எங்கள் கோப்பில் 112 கையெழுத்தும் இருந்தன.

அந்த மாணவர்

நான்காம் ஆண்டு. லைன்பேக்கர், அதாவது தற்காப்பு அணியின் நடு வரிசை. முதல் மூன்று ஆண்டும் இரண்டாம் வரிசையில் காத்திருந்து, 21 வயதில்தான் முதல் பதினொருவரில் இடம் பிடித்தவர். அவருக்குப் பின்னால் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் காத்திருந்தார். இவரைவிட வேகமானவர் என்பது எல்லோருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

படிப்பு நடுத்தரம். என் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்வார், கேள்வி கேட்பார். குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். "ஃபுட்பால் இல்லையென்றால் இவன் கல்லூரிப் பக்கமே வந்திருக்க மாட்டான்" என்று அவருடைய அம்மா பின்னால் என்னிடம் சொன்னார். அதில் குறையும் இல்லை, பெருமையும் இல்லை, தகவலாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட்: அடிப்படைச் சோதனை

பருவம் தொடங்குமுன் எல்லா வீரர்களுக்கும் கணினியில் ஒரு சோதனை வைப்பார்கள். நினைவாற்றல், கவனம், திரையில் தோன்றும் குறியைப் பார்த்து எவ்வளவு விரைவில் விசையைத் தட்டுகிறார் என்பதெல்லாம் பதிவாகும். பிறகு தலையில் அடிபட்டால் அதே சோதனையை வைத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள்.

எங்கள் சோதனை, கணினி ஆய்வகத்தில் ஒரே நேரத்தில் 24 பேரை உட்காரவைத்து நடந்தது. கண்காணிக்க ஒரே ஒரு மாணவ உதவியாளர். இந்த மாணவரின் எதிர்வினை வேகம் மிக மந்தமாகப் பதிவானது. நிரல் அதைச் சந்தேகத்துக்குரியது என்று குறிக்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. வேண்டுமென்றே மெதுவாகத் தட்டியதாக அவர் பிற்பாடு ஒப்புக்கொண்டார். "ஆகஸ்டில் மெதுவாகத் தட்டினால் அக்டோபரில் பிழைத்துக்கொள்ளலாம்" என்பது மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடமாம். இது டிரெய்னருக்குக் காதில் விழுந்த செய்தி. எனக்குப் புதிது. ஆண்டுக்கணக்காக அளவீட்டுப் பிழையைப் பற்றி வகுப்பெடுப்பவன் நான்.

அக்டோபர் 19, சனிக்கிழமை

பருவத்தின் ஆறாவது ஆட்டம். அதற்குப் பின் நான்கு மீதம். மூன்றாம் கால்பகுதியில் எங்கள் அணி பன்ட் அடித்தது, அதாவது பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் விட்டது. பந்தை வாங்கியவரை நோக்கி இவர் ஓடி, நான்கைந்து பேர் குவியலாக விழுந்ததில், எங்கள் அணியைச் சேர்ந்த ஒருவரின் முழங்கால் இவருடைய ஹெல்மெட்டின் பக்கவாட்டில் இடித்தது.

காணொளியைப் பின்னர் பலமுறை பார்த்தேன். நடுவர் கொடி வீசவில்லை, வீசவும் வேண்டியதில்லை. யாரும் யார் தலையையும் குறிவைக்கவில்லை. குற்றமாகும் மோதல்களைத் தடுக்கத்தான் விதிகள் ஆண்டுதோறும் கூர்மையாகி வருகின்றன. இதுவோ விதிக்குட்பட்ட மோதல். அவர் இரண்டு விநாடி தாமதமாக எழுந்தார், சரியான பக்கம் நடந்தார், மேலும் 19 முறை களத்தில் ஆடினார். அந்த நேரம் டிரெய்னர் எதிர்முனையில் ஒருவரின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிரவு விடுதி அறையில் விளக்கை அணைக்கச் சொன்னார். அறைத்தோழரும் அணியில் இருப்பவர். தலைவலியா என்று கேட்டதற்குப் பசி என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை

என் வகுப்பில் அன்று ஜன்னலோரம் உட்காரவில்லை, பின்வரிசை. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தார். பயிற்சிக் கணக்கு ஒன்று கொடுத்துவிட்டு நடுவில் நடந்தேன். அவருடைய தாளில் ஒரே வரி மூன்று முறை எழுதப்பட்டிருந்தது, மூன்றும் பாதியில் நின்றிருந்தன. அட்டவணையில் எண்ணைத் தேட விரலை வைத்து ஒவ்வொரு வரிசையாக நகர்த்தினார்.

வகுப்பு முடிந்து நிறுத்தினேன். "தூக்கமில்லை, ப்ரொஃபசர்" என்றார். சனிக்கிழமை அடி ஏதும் பட்டதா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "ஃபுட்பால்தானே, அடி படாமலா?" என்றார்.

இந்த இடத்தில் நான் எடுத்த முடிவு தவறு. அதை எடுத்த காரணங்கள் அப்போது நியாயமாகத் தோன்றின, எனவே எழுதுகிறேன். ஒன்று, அவர் 21 வயது ஆள். அவரே போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். இரண்டு, விளையாட்டுப் பிரதிநிதி என்பவன் மாணவர்களை வேவு பார்ப்பவன் என்ற பெயர் வந்துவிட்டால் அடுத்த முறை யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். மூன்று, நான் மருத்துவன் இல்லை. ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டதற்காக ஒருவர் மூளையில் காயம் என்று எப்படிச் சொல்வது? ஆக, "டிரெய்னரைப் போய்ப் பாருங்கள், நாளை மாலைக்குள்" என்றேன். சரி என்றார்.

தனிமனித உரிமை, பதவியின் பெயர், துறை எல்லை என்று மூன்று காரணம். மூன்றும் என்னைப் பற்றியவை என்பது எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. 'நாளை மாலைக்குள்' என்ற கெடுவுக்குள் செவ்வாய்ப் பயிற்சி அடங்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. திங்கள் காணொளியும் லேசான ஓட்டமும்தான். வாரத்தின் கடுமையான மோதல் செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை

முழுக் கவசப் பயிற்சி நாலே கால் மணிக்குத் தொடங்கியது. நாற்பது நிமிடம் கழித்து ஒரு சாதாரண மோதல், யாரும் திரும்பிப் பார்க்காத வகை. எழுந்த மாணவர் தற்காப்பு அணியின் வட்டத்துக்குப் போகாமல், எதிரே நின்ற தாக்குதல் அணியின் வட்டத்தில் போய் நின்றார். சிலர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அறைத்தோழர் சிரிக்கவில்லை. தன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி எல்லைக்கோட்டுக்கு நடந்து வந்து, டிரெய்னரிடம், "சனிக்கிழமையிலிருந்தே அவனுக்குச் சரியில்லை" என்றார். பயிற்சியின் நடுவில் ஹெல்மெட்டைக் கழற்றுவதும் களத்தை விட்டு நடப்பதும் இந்த ஆட்டத்தில் பெரிய ஒழுங்கு மீறல்.

டிரெய்னர் செய்த முதல் காரியம் காயமடைந்தவரின் ஹெல்மெட்டை வாங்கித் தன் அறையில் வைத்துப் பூட்டியது. பழைய வழக்கம் இது. ஹெல்மெட் இல்லாமல் யாரும் நழுவிக் களத்துக்குப் போக முடியாது. எந்தச் சோதனைக் கருவியையும்விட இதை நம்புவதாக அவர் சொல்வார்.

பிறகு ஓரமாக உட்காரவைத்து 22 அறிகுறிகள் கொண்ட படிவத்தை நிரப்பவைத்தார். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஆறு வரை. 15 அறிகுறிகள் இருந்தன, 132-க்கு 41. மாதங்களைப் பின்னிருந்து சொல்லச் சொன்னபோது டிசம்பர், நவம்பர் வந்தன, அக்டோபரில் நின்றுவிட்டார். ஏழு மணிக்குமேல் தலைவலி ஏறி இரண்டு முறை வாந்தி வந்ததால் அவசர சிகிச்சைக்கு அனுப்பினார்கள். சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. கன்கஷன் ஸ்கேனில் தெரியாது. ரத்தக்கசிவு போன்ற பெரிய ஆபத்து இல்லை என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

புதன்கிழமை கணினிச் சோதனை வைத்தபோது ஆகஸ்டு மாத அளவுக்கும் இப்போதைக்கும் சிறிய வித்தியாசமே வந்தது. சோதனையை மட்டும் நம்பியிருந்தால் ஒரு வாரத்தில் 'பழைய நிலை'க்கு வந்துவிட்டார் என்று முடிவாகியிருக்கும். டிரெய்னர் நம்பவில்லை. "நேற்று யார் அணி என்று தெரியாமல் நின்றவர் இவர். அப்படியென்றால் ஆகஸ்டு எண்தான் பொய்" என்றார். 2011-இல் மேரிலாந்தில், அப்போது எங்கள் பிரிவிலேயே இருந்த ஃப்ரோஸ்ட்பர்க் பல்கலைக்கழகத்தில், ஆகஸ்டுப் பயிற்சியின்போது தலைக்காயத்தால் சரிந்த வீரர் ஒருவர் சில நாளில் இறந்தார். குடும்பம் வழக்குத் தொடுத்தது. மாணவ வீரர்களைக் காக்கும் சட்டக் கடமை தனக்கில்லை என்று என்.சி.ஏ.ஏ. நீதிமன்றத்தில் வாதிட்டது, 2016-இல் 12 லட்சம் டாலர் சமரசத்தில் வழக்கு முடிந்தது. எங்கள் டிரெய்னரின் அறைச் சுவரில் அந்தச் செய்தி ஒட்டியிருக்கும்.

அந்த வார முடிவுகள்

மருத்துவர், டிரெய்னர், மாணவர் நல டீன், நான் நால்வரும் வியாழக்கிழமை கூடினோம்.

பருவத்தின் மீதி ஆட்டங்களுக்கு அவர் இல்லை என்று மருத்துவர் அன்றே எழுதிவிட்டார். வழக்கமான படிநிலை வேறு: அறிகுறி நீங்கியதும் லேசான உடற்பயிற்சி, பிறகு ஓட்டம், மோதலில்லாப் பயிற்சி, மோதல், கடைசியாக ஆட்டம், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். பெரியவர்களில் பலர் பத்துப் பதினான்கு நாளில் தேறுவார்கள், நவம்பரில் இரண்டு ஆட்டமாவது ஆடலாம் என்று மாணவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். முதல் அடியை மறைத்து, அறிகுறிகளோடு ஆடி, மூன்று நாளில் இரண்டாவது அடி வாங்கியிருக்கிறார் என்பதால் மருத்துவர் நாள் எண்ண மறுத்தார். முன்கூட்டியே சொன்னதில் இன்னொரு நோக்கமும் இருந்தது. திரும்பும் தேதி ஒன்று கண்ணில் தெரிந்தால் அறிகுறிப் படிவத்தில் மறுபடி பொய் எழுதுவார். தேதியே இல்லையென்றால் பொய்க்கு வேலையில்லை. எனக்கு அது கடுமையாகப் பட்டது. இப்போது சரியென்றே தோன்றுகிறது.

படிப்பில், என்னுடையது உட்பட இரண்டு பாடங்களை 'முடிவுறாதது' என்று பதிந்து, தேர்வை வசந்த பருவத்துக்குத் தள்ளினோம். திரை பார்ப்பது ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்று தொடங்கியது.

தலைமைக் கோச்சை யாரும் குற்றம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆடவிட்டிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் ஏன் அவருக்குத் தெரியவராமல் போனது என்பதை ஆராய என்னைப் பணித்தார்கள்.

எதற்காக ஆடுகிறார்கள், ஏன் மறைக்கிறார்கள்

நவம்பரில் முப்பது வீரர்களோடு மூன்று நான்கு பேராக உட்கார்ந்து பேசினேன். தொழில்முறை ஆட்டத்தைப் பற்றி ஒருவர்கூடப் பேச்செடுக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியோடு முடிந்திருக்க வேண்டியதை இன்னும் நான்கு ஆண்டு நீட்டிக்கக் கிடைத்த வாய்ப்பு இது என்பதே பலரின் பதில். பிறகு 'சகோதரர்கள்' என்ற சொல். தேய்ந்த சொல்தான், ஆனால் அதைச் சொல்லும்போது குரல் மாறியது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தவர் நான்காம் ஆண்டு மாணவர் ஒருவர். நான்கு பருவத்தில் சனிக்கிழமை ஆட்டத்தில் அவர் களமிறங்கியது மொத்தம் பதினோரு முறை. அடுத்த எதிரணியைப் போல நடித்து, முதல் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவில்தான் நான்கு ஆண்டும் இருந்தார். காசு கட்டி எதற்கு இது என்று, கொஞ்சம் மரியாதைக் குறைவாகவே, கேட்டேன். "சனிக்கிழமை அவர்களுடையது, ப்ரொஃபசர். செவ்வாய்க்கிழமைதான் என் ஆட்டம்" என்றார்.

மறைப்பதற்கான காரணத்தைக் காயமடைந்த மாணவரே சொன்னார். 1925-இல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் வாலி பிப் தலைவலி என்று ஒரு நாள் உட்கார்ந்ததாகவும், அவர் இடத்துக்கு வந்த லூ கெரிக் 14 ஆண்டு அதை விடவேயில்லை என்றும் ஒரு கதை உண்டு. தலைவலிப் பகுதியைச் சந்தேகிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அமெரிக்க விளையாட்டு வீரர்கள் சிறுவயதில் கேட்கும் கதை அதுதான். "மூன்று வருடம் காத்திருந்தேன். பத்து சனிக்கிழமை கிடைத்தது. ஆறு போயிருந்தது" என்றார்.

அதே 2019 ஆகஸ்டில்தான் லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார், டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் கன்கஷன் மாற்று வீரர். கிரிக்கெட்டில் அந்த விதிக்குக் காரணம் புரிகிறது. மாற்று ஆள் இல்லாவிட்டால் அணி ஒரு மட்டையாளரை இழக்கும், அணிக்காக அவர் மறைப்பார். ஃபுட்பாலில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம், எங்களிடம் 112 பேர். அணிக்கு எந்த நட்டமும் இல்லை. ஆகவே, அணிக்காகத்தான் மறைக்கிறார்கள் என்று நான் எடுத்துவந்த விளக்கம் இங்கே பொருந்தவில்லை. மாற்று ஆள் தயாராக நின்றதுதான் காரணம்.

எங்கள் விதிகள் எல்லாம் யாரோ ஒருவர் வாயைத் திறந்த கணத்திலிருந்து வேலை செய்பவை. அதற்கு முன்பு இருப்பது ஒரு கையெழுத்துத் தாள் மட்டும். அதில் உள்ள ஒரு சொல்லின் பழைய கதையும் நல்லதல்ல. 1955-இல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறு கல்லூரியில் ஒரு வீரர் கிக்ஆஃப் ஓட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளி இழப்பீடு கேட்ட அவர் மனைவியின் வழக்கை 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. வீரர்கள் ஊழியர்கள் அல்ல என்று சொல்லி இத்தகைய கோரிக்கைகளைச் சமாளிக்க என்.சி.ஏ.ஏ. அந்தக் காலத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்தான் 'மாணவ வீரர்'. எங்கள் தாளின் தலைப்பிலும் அதே சொல்.

ஜனவரி 2020: கூட்டம்

பரிந்துரைகளில் அதிகம் சண்டை வந்தது செவ்வாய்ப் பயிற்சி பற்றி. அன்று ஆளைத் தரையில் சாய்ப்பதை நிறுத்தலாம் என்றார் டிரெய்னர். சாய்க்காமல் பழகினால் சனிக்கிழமை எப்படிச் சாய்ப்பார்கள் என்றார் துணைக் கோச் ஒருவர். அதற்குப் பதில் எங்கள் பிரிவிலேயே இருந்தது. மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸில் ஜான் கலியார்டி பயிற்சியில் சாய்ப்பதை அறவே தடை செய்திருந்தார். விசில் கிடையாது, 'கோச்' என்று அழைக்கவும் கூடாது, ஜான் என்றுதான். 2012-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 489 வெற்றி, கல்லூரி ஃபுட்பாலில் வேறு எந்தப் பயிற்சியாளருக்கும் இல்லாத எண்ணிக்கை.

வாதத்தில் நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தபோது எனக்கு அந்தப் பதினோரு முறைக்காரர் நினைவுக்கு வந்தார். செவ்வாயை எடுத்துவிட்டால் அவரைப் போன்ற நாற்பது பேருக்கு ஆட்டமே இல்லை. அவர்கள் போய்விட்டால் கல்லூரியின் வரவும் போகும் என்பதை நிதி அலுவலர் சொல்லாமல் சொன்னார். கடைசியில் ஓர் அரைகுறை உடன்பாடு. செவ்வாயில் சாய்ப்பது இல்லை. அதற்கு ஈடாக இரண்டாம் வரிசையினருக்கான ஞாயிறு ஆட்டங்கள் மூன்றிலிருந்து ஐந்து. மொத்த மோதல்கள் இதனால் குறைந்தனவா கூடினவா? அளக்க எங்களிடம் கருவி இல்லை. நாற்பது பேருக்கு உண்மையான ஆட்டம் கிடைத்தது என்று மட்டும் சொல்லலாம்.

மற்றவை எளிதாக முடிந்தன. அடிப்படைச் சோதனை ஆறு ஆறு பேராக, சந்தேகம் இருந்தால் மறுநாளே மறுசோதனை. ஆசிரியர்கள் சந்தேகப்பட்டால் மாணவரிடம் கெடு கொடுக்காமல் டிரெய்னருக்கே உடனே தொலைபேசி. இந்தக் கடைசி வரியை எழுதியவன் நான். தலைக்காயத்தால் வெளியே போகிறவரின் இடம் காத்திருக்கும், திரும்பிய முதல் வாரப் பயிற்சியில் அவருக்கே முதல் வாய்ப்பு என்று கோச் அணி முன் அறிவித்தார். வாலி பிப் கதைக்குப் பதிலாக.

மூன்றாவது டிரெய்னர் வேண்டும் என்ற பரிந்துரைக்கு நிதி இல்லை.

பின்னர் நடந்தவை

மாணவருக்குத் தலைவலியும் வெளிச்சக் கூச்சமும் ஏழு வாரம் நீடித்தன. நவம்பர் 16, கடைசி ஆட்டத்தன்று நான்காம் ஆண்டு வீரர்களைக் கௌரவிப்பார்கள். ஜீன்ஸின் மேல் தன் எண் போட்ட அணிச் சட்டையை அணிந்து, கறுப்புக் கண்ணாடியோடு நாணயம் சுண்டும் இடம் வரை வந்தார். வாத்திய இசை தொடங்குமுன் அறைக்குத் திரும்பிவிட்டார். பிப்ரவரியில் என் பாடத்தை எழுதித் தேறினார். மே 2020-இல் பட்டமளிப்பு கொரோனாவால் இணையத்தில் நடந்தது.

அறைத்தோழருக்கு நேர்ந்ததையும் எழுத வேண்டும். காட்டிக்கொடுத்தவன் என்று சிலர் சில வாரம் பேசவில்லை. காயமடைந்தவரும் பத்து நாள் பேசவில்லை. பிறகு பேசினார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவரும் சொல்லவில்லை.

2020 பருவம் கொரோனாவில் போயிற்று. மாற்றங்களைச் சோதிக்க முடிந்தது 2021-இல்தான். 2019-இல் அணியில் பதிவான கன்கஷன் நான்கு, 2021-இல் ஒன்பது. கல்லூரித் துணைத்தலைவர் ஒருவர் கவலைப்பட்டார், டிரெய்னர் மகிழ்ந்தார். சொல்பவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பதே என் ஊகமும். ஆனால் இவ்வளவு சிறிய எண்களை வைத்து, சோதனை முறையையே மாற்றிவிட்டு, எதையும் நிறுவ முடியாது. என் மாணவர் ஒருவர் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அந்த ஒன்பதில் ஒருவர், 2019-இல் பின்னால் காத்திருந்த வேகமான லைன்பேக்கர். இப்போது நான்காம் ஆண்டு. அக்டோபரில் ஓர் ஆட்டத்தின் நடுவில் தானாகவே வெளியே வந்து, தலை சுற்றுகிறது என்றார். யாரும் கேட்கவில்லை. பதினாறு நாளில் தேறித் திரும்பினார். அந்த வாரப் பயிற்சியில் சொன்னபடியே முதல் வாய்ப்பு அவருக்குத் தரப்பட்டது. இடைக்காலத்தில் ஆடிய முதலாண்டு மாணவர் நன்றாக ஆடியிருந்தார். சனிக்கிழமை அவர்தான் இறங்கினார், அடுத்த சனிக்கிழமையும்.

கோச் விதியை மீறவில்லை. பயிற்சியில் முதல் வாய்ப்பு என்றுதான் எழுதியிருந்தோம், ஆட்டத்தில் என்று எழுதவில்லை. அந்த லைன்பேக்கரின் அம்மா எனக்கு ஒரு கடிதம் எழுதினார். 2022 மார்ச் கூட்டத்தில் அந்த ஒரு வரியை எடுத்து இரண்டு மணி நேரம் பேசினோம். ஆட்ட வாய்ப்பை எழுத்தில் உறுதி செய்யக் கோச் ஒப்பவில்லை. வரி அப்படியே இருக்கிறது.